நூலுக்குக் கீழே

“என் படத்தை மட்டும் ஏன் சார் தரையில மாட்டியிருக்கீங்க?”

தரையில் இல்லைதான். ஆனால் மற்ற பதினொரு படங்களும், சுவர் நெடுக இழுத்துக் கட்டிய நூலை ஒட்டி ஒரே மட்டத்தில் இருக்க, அவளுடையது இரண்டு சாண் கீழே தொங்கியது.

‘நாங்கள் வந்த வழி’ என்பது கண்காட்சியின் தலைப்பு. அவரவர் குடும்ப மரபை அவரவர் வரைய வேண்டும். பல் மருத்துவமனை வரவேற்பாளரான அவளுக்கு இதுவே முதல் கண்காட்சி.

படங்களை மாட்டும் பெரியவருக்குக் கண்காட்சிக் குழுவில் ‘நூல்காரர்’ என்று பெயர். மயிரிழை பிசகினாலும் ஆணியைப் பிடுங்கி மறுபடி அடிப்பவர். அவரோ, காலையில் அவள் எட்டிப் பார்த்தபோது, எல்லாரும் ஓடியாடி வேலை செய்ய, வெறுஞ்சுவரைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ‘நல்ல பொறுப்பு!’ என்று அவள் அப்போதே நினைத்துக்கொண்டாள்.

“உங்க படிவத்தைப் படிச்சுட்டுத்தாம்மா அங்க மாட்டினேன்” என்றார் நூல்காரர். அதற்குள் யாரோ கூப்பிட, சுத்தியலோடு போய்விட்டார்.

அவளுக்குச் சுருக்கென்றது.

கண்காட்சிக்குக் கொடுத்த படிவத்தில் ‘குடும்பத் தொழில்’ என்ற இடத்தில் ‘முடிதிருத்துதல்’ என்று எழுதியிருந்தாள். பள்ளிப் படிவங்களில் அந்த இடத்தை வெறுமையாகவே விட்டவள், இந்த முறைதான் துணிந்திருந்தாள். படமும் அப்பாவின் கடைதான்: காலியான சுழல் நாற்காலி, எதிரே பெரிய கண்ணாடி, அதற்குள் கத்தரியோடு நிற்கும் அப்பா.

“விடுங்கக்கா, படம் நல்லாத்தானே இருக்கு?” என்றாள் பக்கத்துப் படத்துக்காரி.

“உனக்கென்ன, வாத்தியார் வீட்டுப் பொண்ணு. நூல் மட்டத்துல இருக்கே. எங்க இடம் எதுன்னு அவரு சொல்லாமச் சொல்லிட்டாரு. எங்கப்பா வந்து இதைப் பாக்க வேண்டாம்.”

படத்தைக் கழற்றக் கை வைத்தாள்.

“அக்கா, வழி விடு!”

தம்பி அப்பாவின் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டான். பக்கவாதம் வந்த இரண்டு ஆண்டுகளில் அப்பா வெளியே வருவது இதுவே முதல் முறை.

முதல் மூன்று படங்களை அண்ணாந்து பார்த்தார் அப்பா. நாலாவதில் கழுத்தைப் பிடித்துக்கொண்டார். “போதும்டா. அவ படத்துக்குப் போ.”

தம்பி கொண்டுபோய் நிறுத்தினான். அவள் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

பின்னால் அப்பாவின் குரல் கேட்டது.

“அடேயப்பா! நாற்பது வருஷம் ஊரையே உட்கார வெச்சுட்டு நான் நின்னேன். இன்னிக்குத்தான் என் கடையில நானே உட்கார்ந்திருக்கேன்.”

அவள் திரும்பினாள். படத்தில் வரைந்திருந்த கடைக் கண்ணாடி அப்பாவின் முகத்துக்கு நேர் எதிரே இருந்தது. கழுத்து நிமிர்ந்திருந்தது.

அப்பா தொழில்காரரின் கண்ணோடு சுவரை ஏற இறங்கப் பார்த்தார். “இது தானா அமைஞ்சதில்லம்மா. முகம் கண்ணாடிக்கு நேரா வரணும்னா, உட்கார்ந்து பாத்துத்தான் அளவெடுக்கணும். யாரு அந்தப் புண்ணியவான்?”

படிவத்தின் கடைசி வரியில் எழுதிவிட்டு மறந்தது அப்போதுதான் அவள் நினைவுக்கு வந்தது: ‘அப்பா சக்கர நாற்காலியில் வருவார். படியில்லாத வழி உண்டா?’

காலையில் நூல்காரர் உட்கார்ந்திருந்த நாற்காலியும் நினைவுக்கு வந்தது.

கூடத்தின் மறுகோடியில் நூலைச் சுருட்டிக்கொண்டிருந்த பெரியவரிடம் ஓடினாள். கை கூப்பினாள்.

அவரோ பிடிபட்டவரைப் போல விழித்தார்.

“அப்பாவோட உயரம் தெரியாம, என்னை வெச்சே அளவெடுத்துட்டேம்மா. ஒரு விரல்கடை ஏத்தணுமா?”