பன்னிரண்டு கணு

பவுனாம்பாளின் கர்ப்பப்பையை எடுத்துப் பதினெட்டு நாள் கழித்துப் பரிசோதனை முடிவு வந்தது. டாக்டரம்மா காகிதத்திலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னார். “பையோட சேத்துப் பன்னெண்டு நிணநீர்க் கணுவ எடுத்தோம்மா. அதுல மூணுல புத்து பரவியிருக்கு.”

கணு என்றதும் அவளுடைய வலதுகை, கத்தியைப் பிடிப்பதுபோல மடியில் தானாக மடங்கியது. முப்பது வருடமாக ஊரார் கொல்லைகளுக்கெல்லாம், ஒரு கணு இருந்தாலே முளைத்துவிடும் விதைக்கரும்பை நறுக்கிக் கொடுத்த கை.

“அதான் எடுத்தாச்சேம்மா?” என்றார் அவள் கணவர் ஏகாம்பரம். டாக்டரம்மா மருந்து ஏற்றும் தேதிகளை மட்டும் சொன்னார்.

பஸ்ஸிலும் ஏகாம்பரம் விடவில்லை. “பன்னெண்டுல மூணுதான பவுனு. மிச்சம் ஒம்போதும் சுத்தம்.”

வீட்டுக் குழாயடிக்கு வந்ததும் அவள், குனியக் கூடாதென்று சொல்லியிருந்தும் குனிந்து, சகதியிலிருந்து ஒரு கரும்புத் துண்டை எடுத்தாள். ஒற்றைக் கணு. மண்ணைத் துடைத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

“ஆப்பரேசனுக்குக் கெளம்புற அன்னிக்கு, சொத்தைன்னு நாந்தாங்க தூக்கி எறிஞ்சேன்.”

விரல் நீளத்துக்குப் பச்சையாக முளைவிட்டிருந்தது. அதை எங்கே போடுவதென்று தெரியாமல் ஏகாம்பரம் கையில் பிடித்தபடியே நின்றார்.