கடலில் ஒரு சிவப்பு

கேமரா சென்சாரில், படத்தின் ஒரே ஒரு புள்ளியைப் பார்க்கும் பிக்சல் ஒன்று இருந்தது. லென்ஸுக்கு மூடி போட்டு இருட்டில் சோதித்த நாளில், சூடு தாங்காமல் ஒரே ஒரு முறை "சிவப்பு" என்று உளறிவிட்டது. அன்றே, படத்தைக் கோக்கும் சிப் அதைப் பழுதானவர்கள் பட்டியலில் சேர்த்தது. அதன்பிறகு அது சொல்வதைக் காதில் வாங்காமல், அக்கம்பக்கத்து எட்டுப் பிக்சல்களைக் கேட்டே அந்த இடத்தை நிரப்பியது.

புயலுக்கு மறுநாள், காணாமல்போன மீனவரைத் தேடும் ஹெலிகாப்டரில் அந்தக் கேமரா போனது.

"சிவப்பு! ஒருத்தர் சட்டையைக் கழற்றி ஆட்டுறாரு!" என்று கத்தியது பிக்சல்.

"மறுபடி ஆரம்பிச்சிட்டியா?" என்ற சிப், மற்றவர்களிடம் திரும்பியது. "உங்களுக்கு என்னப்பா தெரியுது?"

"நீலம்தாண்ணே," என்றன எட்டும். அவை பார்த்தது நீலம்தான்.

படத்தில் கடல் மாசுமரு இல்லாமல் இருந்தது. ஹெலிகாப்டர் கரைக்குத் திரும்பியது.

"இன்னும் ஆட்டிக்கிட்டுத்தான் இருக்காரு," என்றது பிக்சல்.