ஒரே நட்சத்திரம்

அர்ச்சனைச் சீட்டில் "வம்சி, மேஷம், பரணி" என்று தன் பெயரை எழுதினான். அடுத்த வரியில் மனைவிக்கு, "சாய்ப்ரியா, தனுசு" என்று எழுதிவிட்டுப் பேனாவை நிறுத்தினான்.

கிரகணம் விட்டதும், எதிரே சாத்தியிருந்த பெருமாள் கோயில் நடை திறக்கும். திறந்ததும், கிரகண தோஷம் கழிய சாந்தி அர்ச்சனை. சீட்டு அதற்குள் தயாராக வேண்டும்.

சூலூர் குளத்துக்கு மேலே மாசிப் பௌர்ணமி நிலா, பிடித்த கிரகணத்தோடேயே எழுந்திருந்தது. விளக்காத செம்பின் நிறம்.

பிடித்தது சிம்மத்தில், பூர நட்சத்திரத்தில். ஆனால் தோஷம் சிம்மத்தோடு நிற்பதில்லை. அங்கிருந்து ஐந்தாவதான தனுசும் ஒன்பதாவதான மேஷமும் அதோடு கட்டுப்பட்டவை. மேஷத்தில் பரணி, தனுசில் பூராடம். பூரத்தையும் சேர்த்து மூன்றுக்கும் அதிபதி சுக்கிரன். ஒன்றைப் பிடித்தால் மூன்றுக்கும் சாந்தி. ஆறு மாதமாகப் போகும் மாலை ஜோதிட வகுப்பில் வம்சி படித்தது இது.

சாய்ப்ரியாவின் ஜாதகத்தில் இருந்தது உத்திராடம். தனுசுதான், ஆனால் இந்த மூன்றில் இல்லாத நட்சத்திரம்.

அதை நம்பி விட்டிருக்கலாம். போன வாரம் வகுப்புப் பாடத்துக்காக, மனைவி பிறந்த ஆஸ்பத்திரிச் சீட்டிலிருந்த நேரத்தை வைத்துக் கணித்தான். பூராடம் வந்தது. தன் கணக்கில்தான் பிழை என்று மறுபடி போட்டான். மூன்றாம் முறையும் பூராடம்.

ஜாதக நோட்டை எடுத்துப் பார்த்தான். பிறந்த நேரத்தைச் சுரண்டி, நான்கு மணி நேரம் தள்ளி எழுதியிருந்தார்கள்.

காரணம் கேட்கத் தேவையில்லை. பூராடத்துப் பெண்ணுக்குத் தாலி நிலைக்காது என்று, பெண் பார்க்க வந்தவர்கள் காபியைக்கூடத் தொடாமல் எழுந்து போவார்கள்.

அவளிடமும் கேட்கவில்லை. ஏழு மாதம். மத்தியானத்திலிருந்து ஜன்னலைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருக்கிறாள்.

உத்திராடம் என்று எழுதினால் அவளுக்கும் வயிற்றுப் பிள்ளைக்கும் சாந்தி கிடையாது. பூராடம் என்று எழுதினால் அம்மாவின் கண்ணில் படும். அதன்பிறகு அந்த வீட்டில் அவள் பொய் சொல்லி வந்தவள்.

ஜாதகம் பார்த்த அன்று அம்மாவுக்குத்தான் எவ்வளவு சந்தோஷம். தனக்கும் வரப்போகிற மருமகளுக்கும் ஒரே நட்சத்திரம், உத்திராடம் என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"அம்புஜம், கெரகணம் உட்டுச்சா இல்லியா? மத்தியானத்துல இருந்து பச்சத்தண்ணி பல்லுல படல," என்றார் அப்பா திருமலைசாமி. அறுபத்தெட்டு வயதிலும் பசி தாங்கமாட்டார்.

"அங்க போயி நெலாவைப் பாத்துட்டு நில்லுங்க. அது உட்டாத்தான் உங்களுக்குப் பொங்கல்."

அவரைக் குளத்துப் பக்கம் அனுப்பிவிட்டு அம்மா வம்சியிடம் வந்தாள்.

"என்ன கண்ணு, பொண்டாட்டி நச்சத்திரம் மறந்துபோச்சா? இதுக்கா கிளாசுக்குப் போற?"

"கணக்குல ஒரு சந்தேகம்மா." சீட்டை உள்ளங்கையால் மறைத்தான்.

அம்மா கையை விலக்கிப் பேனாவை வாங்கினாள். சாய்ப்ரியாவின் பெயருக்கு நேரே, கொஞ்சமும் தயங்காமல், பூராடம் என்று எழுதினாள்.

அதற்குக் கீழே இன்னொரு வரி எழுதினாள். அம்புஜம், தனுசு, பூராடம்.

வம்சி இரண்டு வரிகளையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ஒரே நச்சத்திரம்னு அன்னிக்கே சொன்னேனில்ல," என்றாள். "சொரண்டுன எடம் எனக்குத் தெரியாதா? என்ற நோட்டுலயும் அதே எடந்தான்."

நிலாவின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு கீற்று தெரிந்தது. அப்பா அதைக் கைகாட்டிக்கொண்டே, சிறுபிள்ளை மாதிரி வேகமாக அவர்களை நோக்கி வந்தார். உள்ளே மணி அடித்தது.

அம்மா சீட்டை நாலாக மடித்து அவன் கையில் திணித்தாள்.

"நீயே கொண்டுபோய்க் குடு சாமி. உங்கப்பா பக்கத்துலதான் நிப்பாரு. ஐயரைச் சத்தமாப் படிக்க வேண்டாம்னு சொல்லிப்போடு."