பாஸ்போர்ட் வேண்டாத ஊர்

"எத்தனை தடவைதான் சொல்றது மார்லிஸ்? பாயின்ட் ராபர்ட்ஸ் அமெரிக்கா! நம்ம கொடி, நம்ம டாலர், நம்ம தபால்! சொந்த நாட்டுக்குள்ள போறதுக்கு எவன் பாஸ்போர்ட் கேப்பான்?"

"கேட்டா?" என்றாள் மார்லிஸ். மஞ்சள் நூலில் ஏதோ குழந்தை ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தவள் தலையைக்கூடத் தூக்கவில்லை.

வெர்னனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஐடஹோவில் வண்டியை எடுத்ததிலிருந்து இதே பாட்டு.

கனடாக்காரனைக் கட்டிக்கொண்டு வான்கூவரில் குடியேறிவிட்ட தங்கை ஜோலீனைப் பார்க்க வேண்டும் என்று மார்லிஸ் கேட்காத கோடை இல்லை. போட்டோ, படிவம், வரிசை என்று அந்த இழவெல்லாம் நம்மால் ஆகாது என்று அவனும் தட்டிக் கழிக்காத கோடை இல்லை. அலாஸ்கா, போர்ட்டோ ரிக்கோ என்று பாஸ்போர்ட் கேட்காத இடமாகப் பார்த்துக் கூட்டிப்போவான். போன வருஷம் ஹவாய்க்கு அவள் அழுதுகொண்டேதான் வந்தாள்.

இந்த வருஷம் நல்லவேளை, ஜோலீன் பேச்சே இல்லை. வீட்டில் காபி மெஷின் பக்கத்தில் கிடந்த சுற்றுலாத் தாளைப் பார்த்து, வெர்னனே இந்தக் கடற்கரையைத் தேர்ந்தெடுத்தான். கரையிலிருந்தே திமிங்கிலம் தெரியுமாம்.

எல்லைச் சாவடியில் முன்னால் நின்ற கார்கள் நகர்ந்தன. கூண்டுக்குள் இருந்த கனடா அதிகாரி கையை நீட்டினார்.

"பாஸ்போர்ட் சார்?"

"உங்க நாடு எனக்கு வேண்டாங்க! நான் பாயின்ட் ராபர்ட்ஸ் போறேன்."

"அது எங்க நிலத்தோட வால்ல ஒட்டிக்கிட்டிருக்கு சார். ரோட்டுல போனா எங்க நாட்டுக்குள்ள பூந்துதான் போகணும்."

வெர்னன் லைசென்ஸை நீட்டினான்.

"இது நீங்க வண்டி ஓட்டுவீங்கன்னுதான் சொல்லும். எந்த நாட்டுக்காரர்னு சொல்லாது. வண்டியைத் திருப்புங்க சார், பின்னாடி எத்தனை பேர் நிக்கறாங்க பாருங்க!"

"விடியறதுக்கு முன்னாடி கிளம்பி வந்திருக்கேன்யா!" என்று கத்தியவன், அதே வேகத்தில் மனைவி பக்கம் திரும்பினான். "நீயாவது விசாரிச்சுத் தொலைச்சிருக்கலாமே!"

"வழி பூரா அதைத்தானே கேட்டுக்கிட்டு வந்தேன்."

"கேட்டு என்ன பிரயோஜனம்? இந்த வருஷ லீவும் நாசம்!"

மார்லிஸ் கடைசி முடிச்சைப் போட்டு, ஸ்வெட்டரை மடித்துப் பையில் வைத்தாள். கதவைத் திறந்து இறங்கிச் சுற்றி வந்தாள். அதே பையிலிருந்து மடிப்புக் கலையாத ஒரு புதுப் பாஸ்போர்ட்டை எடுத்து அதிகாரியிடம் கொடுத்தாள்.

"காபி மெஷின் பக்கத்துல அந்தத் தாளை வெச்சது நான்தான் வெர்ன்," என்றாள். "ஜோலீனும் அவ பேத்தியும் அந்தப் பக்கம் காத்துக்கிட்டிருக்காங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் இங்கயே வந்து என்னைக் கூட்டிட்டுப் போ."