பதினோராம் இடம்

ஒரு டிவிக்குள் இலவச ஆப்கள் வரிசையாகக் குடியிருந்தன. பதினோராவது வானொலி ஆப். பூங்காவனத்தம்மாளுக்குச் சின்ன எழுத்து தெரியாது. ரிமோட்டின் வலது பொத்தானைப் பதினொரு தடவை எண்ணி அழுத்தி, தினமும் காலையில் வானொலி கேட்பார்.

ஒரு நாள் அவர் கணவர், இலவசம்தானே என்று சமையல் ஆப் ஒன்றை இறக்கினார். அது வரிசையின் முதலிடத்தில் உட்கார்ந்தது. மற்றவை ஓரிடம் நகர்ந்தன. பதினோராம் இடத்துக்கு மீன்பிடி விளையாட்டு வந்தது.

பன்னிரண்டாம் இடத்துக்குப் போன வானொலி பயந்துபோய் விளையாட்டிடம் பேசியது. யாரும் திறக்காத ஆப்பைத்தான் கணவர் நீக்குவார்.

“தம்பி, இடம் மாத்திக்கலாமா? அந்த அம்மா என்னைத் தேடி வருவாங்க.”

“மூணு மாசமா என்னை ஒருத்தரும் திறக்கலைக்கா. எனக்கு மட்டும் பயமில்லையா?” என்றது விளையாட்டு.

மறுநாள் அம்மாள் பதினொரு தடவை அழுத்தினார். திரையில் மீன் துள்ளியது. திகைத்தவர், பிறகு சிரித்தபடி நான்கு மீன் பிடித்தார். அடுத்த நாளும் பதினொன்றோடு நிறுத்திக்கொண்டார். வானொலியைத் திறக்கவே இல்லை.

அன்று மாலை கணவர் இன்னொரு இலவச ஆப்பை இறக்கினார். வரிசை மறுபடி நகர்ந்து, விளையாட்டு பன்னிரண்டாம் இடத்துக்குப் போனது.

விளையாட்டு மெல்ல வானொலியின் பக்கம் திரும்பியது.

“அக்கா, அந்த அம்மாவுக்குப் பன்னிரண்டு வரைக்கும் எண்ண வருமா?”