குளத்தில் ஒரு முழம் மல்லி

"ஐயோ, இன்னைக்கு மூணு சரம்!"

மதிவதனி போட்ட கூச்சலில், பல் தேய்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மா வாயில் பிரஷ்ஷோடு ஓடி வந்தாள்.

படப்பையில் புது மனை, புது வீடு. காம்பவுண்டுச் சுவர் அடுத்த வருஷம்தான் என்று தள்ளிப்போயிருந்தது. அதற்காக ஆசை நிற்குமா? மதிவதனி ஒரு கிணற்று உறையை வாசல் ஓரம் பாதி புதைத்து, அடியில் சிமென்ட் பூசி, குட்டிக் குளம் ஆக்கிவிட்டாள். உள்ளே நாலு கப்பி மீன், ரோஸ் நிறத்தில் இரண்டு அல்லி. காலையில் அல்லி விரிவதைப் பார்த்தால்தான் அவளுக்குக் காபி இறங்கும்.

அந்தக் குளத்தில்தான் பத்து நாளாக யாரோ மல்லிகைச் சரத்தைப் போட்டுவிட்டுப் போகிறார்கள். முதலில் ஒன்று. நாலு நாள் கழித்து இரண்டு. இன்றைக்கு மூன்று.

"நான்தான் அன்னிக்கே சொன்னேனே. மொத நாளு பூவுல ஹேர்பின் கூட இருந்துச்சே!" கோவிந்தம்மா குரலைத் தாழ்த்தினாள். "எட்டு வருசம் கழிச்சி உண்டாயிக்கிற. ரெண்டு தபா கலைஞ்சி வேற போச்சு. எவளுக்கோ வயிறு எரியுது. செய்வினை வெச்சிட்டாடி."

மதிவதனியின் கை தானாக வயிற்றுக்குப் போனது. ஐந்தாம் மாதம்.

"பயமுறுத்தாதக்கா."

"இன்னா பயமுறுத்துறாங்க? இந்தக் கொளம் கீறவரைக்கும் அவ போட்டுக்கினுதான் இருப்பா. ரெண்டு லோடு மண்ணு சொல்லி மூடிடு."

கணவன் செந்தமிழனிடம் சொல்ல முடியாது. பில்லி, சூனியம் என்று வாயைத் திறந்தால் மைக் இல்லாமலே ஒரு மணி நேரம் பேசுவான். அதுவும் இந்த வாரம் அவனுக்கு நைட் ஷிப்ட். பகலில் தூங்குகிறவனை எழுப்பிப் பேச்சு வாங்க அவளுக்குத் தெம்பு இல்லை.

வழக்கம்போல ஒரு நீளக் குச்சியால் சரங்களைத் தூக்கி எதிர்ச் சாக்கடையில் எறிந்தாள். கால் கழுவினாள். சாப்பாடு இறங்கவில்லை. உட்கார்ந்தாள், எழுந்தாள், குளத்தைப் பார்த்தாள். இரண்டு நாளில் விரியப்போகிற ஒரு மொட்டு தண்ணீருக்கு மேல் தலை நீட்டியிருந்தது. அழுகை வந்தது. ஆனாலும் பிள்ளையை விடவா குளம்? மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மண் டிராக்டர் வரச் சொல்லிவிட்டாள்.

"மூடுறதுக்கு முன்னாடி அவள கையும் களவுமா புடிக்கணும்" என்றாள் கோவிந்தம்மா.

மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கே இருவரும் மோட்டார் ரூம் பின்னால் பதுங்கிவிட்டார்கள். மதிவதனி கையில் அந்தக் குச்சி. கோவிந்தம்மா கையில் உப்பும் மிளகாயும்.

ஐந்தேகாலுக்கு ஒரு பெண் ஓட்டமும் நடையுமாக வந்தாள். கழுத்தில் கம்பெனி ஐ.டி. கார்டு. குனிந்து மூன்று சரங்களைத் தண்ணீரில் மெதுவாக விட்டாள்.

மதிவதனி பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"யாருடி உன்ன அனுப்பிச்சது?"

பெண் ஐ.டி. கார்டைத் தூக்கிக் காட்டினாள். "யாரும் அனுப்பலக்கா. எம்பேரு பாண்டிச்செல்வி. பின் தெரு ஹாஸ்டல்ல இருக்கேன். செல்போன் கம்பெனில வேலை."

"என் குளத்துல எதுக்குப் பூ போடற?"

"கம்பெனி லைன்ல வேலை பாக்கையில பூ வைக்கக் கூடாதுக்கா. மொத நாளு நெனப்பில்லாம வச்சிட்டு வந்துட்டேன். கேட்டுல செக்யூரிட்டி உருவி குப்பைத் தொட்டில போட்டிருவாங்க. மனசு கேக்கல. இங்கன தண்ணில கெடந்தா வாடாது, ஷிப்ட் முடிஞ்சி வந்து எடுத்துக்கிடலாம்னு போட்டேன்."

"பொய்! ஒரு நாளாவது வந்து எடுத்திருக்கியா நீ?"

"வந்து பாத்தேன்க்கா. பூவக் காணோம்." பாண்டிச்செல்வி கூச்சத்தோடு சிரித்தாள். "நீங்கதான் எடுத்து வச்சிக்கிட்டீங்கன்னு நெனச்சேன்."

மதிவதனியின் கண் எதிர்ச் சாக்கடைப் பக்கம் போனது. கோவிந்தம்மாதான் விடவில்லை.

"அப்ப ஒண்ணு எப்டி ரெண்டாச்சு, மூணாச்சு? அதச் சொல்லு!"

"தெனமும் போட்டுப் பாத்தேன், தெனமும் பூவக் காணோம். மாசமா இருக்கிற அக்கா, கேக்கக் கூச்சப்பட்டுக்கிட்டு எடுத்து வைக்காங்கன்னு ரூம்ல சொன்னேன். எங்க தலையிலதான் இருக்க விட மாட்டாங்க, அந்த அக்கா தலையிலயாவது இருக்கட்டும்னு மொதல்ல சுகப்பிரியா வாங்கிக் குடுத்தா. அப்புறம் தங்கமாரியும் வாங்கிக் குடுத்தா. இப்பல்லாம் நாங்க யாரும் வைக்கிறதில்லக்கா. இது உங்களுக்குன்னே வாங்குறது."

மதிவதனி பிடியை விட்டாள். இன்னொரு கையிலிருந்த குச்சியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

கோவிந்தம்மா உப்பு மிளகாயை முந்தானையில் முடிந்துகொண்டே கிசுகிசுத்தாள். "மண்ணுக்காரனுக்குப் போன் போட்டு வேணாம்னு சொல்லுடி."

தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. நாலடி ஓடிய பாண்டிச்செல்வி நின்று திரும்பினாள்.

"தெனமும் மல்லியவே போடுதோமே, வாசம் ஒத்துக்கிடுதாக்கா? இல்ல, பிச்சிப்பூ வாங்கட்டுமா?"