சாய்ந்த கிரிக்கெட்

"நல்லா இருந்தத கெடுத்துட்டியே தம்பி!"

சிபியூவை மேசைமேல் தொப்பென்று வைத்தாள் சாண்ட்ரா. காசிமேட்டில் மீன் வியாபாரத்தை முடித்த கையோடு வீட்டுக்குப் போய் இதைத் தூக்கி வந்திருந்தாள்.

அத்னான் நிமிர்ந்து பார்த்தான். ராயபுரத்தில் ஒன்பது வருஷமாகக் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். இதை முந்தின நாள்தான் சரிசெய்து கொடுத்திருந்தான்.

"இன்னாக்கா ஆச்சு? படம் வர்லியா?"

"வருது. ஆனா நட்டுகினு நிக்குது."

"நேத்து சாஞ்சு கெடந்துச்சு. நான்தானே நேராக்கிக் குடுத்தேன்?"

"உன்ன யாரு நேராக்கச் சொன்னது?"

அத்னான் திருதிருவென்று விழித்தான்.

பழைய விண்டோஸ் எக்ஸ்பி மெஷின் அது. 'கிரிக்கெட் கேமப் போட்டா ஸ்கிரீன் கோணிக்குது' என்று கொண்டுவந்தாள். போட்டுப் பார்த்தால் ஐகான், கடிகாரம் என்று மொத்தத் திரையும் பக்கவாட்டில் படுத்துக் கிடந்தது. யாரோ தெரியாமல் திருப்பிவிட்டார்கள் என்று நினைத்து, மூன்று விசையைச் சேர்த்து அழுத்தி நிமிர்த்திக் கொடுத்தான். ஒரு டீ குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை.

"நேத்தும் இதத்தான் சொன்னேன், நீ காதுல வாங்கல" என்றாள் சாண்ட்ரா. "கம்ப்யூட்டரப் போட்டா எல்லாம் சாஞ்சு, சரியா வருது. கேமப் போட்டா மட்டும் கோணலா நேரா நிக்குது. கேமும் சாஞ்சே வரணும்."

"கோணலா... நேரா... நிக்குது?"

ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிப் பார்த்தான். தனித்தனியாகப் புரிந்தது. சேர்த்தால் புரியவில்லை.

"யாருக்கா இத்த ஆடுறது?"

"எங்க வூட்டுக்காரரு."

"அப்ப அவரயே ஒரு நடை வரச் சொல்லு. நேர்ல கேட்டுக்கறேன்."

"அவரு வர மாட்டாரு தம்பி. அவருக்கு..."

"வர மாட்டாரு, ஆனா ஆர்டர் மட்டும் போடுவாரா? நல்லா கீதுக்கா! பேசாம இத்த கடாசிட்டு வேற மெஷின் வாங்கி, புது விண்டோஸ் போட்டுக்கோங்க."

"அதுல அந்தக் கேம் ஓடாதுன்னு சொல்லிட்டாங்க. அவருக்குப் பொழுது போறதே இது ஒண்ணுலதான்." குரல் இறங்கிவிட்டது. "உன்னால முடியுமா, முடியாதா? அத்த மட்டும் சொல்லு."

முடியாது என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. திரையை முந்தின நாள் இருந்தபடியே சாய்த்துவிட்டு, கேமைத் தட்டினான். திரை ஒருமுறை கறுத்து மின்னியது. மைதானம், ஸ்டம்ப், பேட்ஸ்மேன் எல்லாம் கம்பீரமாக நேராக வந்து நின்றன.

"பாரு, இதான்! இதான் கோணல்!" என்று கத்தினாள் சாண்ட்ரா.

வேறு டிரைவர் போட்டான். புல்தரை ஊதா நிறமானது. நிறத்தைக் குறைத்தான். கேம் பாதியில் நின்றது. ரெசல்யூஷனை மாற்றினான். பேட்ஸ்மேன் குள்ளமானான், அப்போதும் நேராகவே நின்றான். நல்ல படத்தைக் கெடுக்க இத்தனை பாடுபடுவது அவன் தொழிலில் இதுதான் முதல் தடவை. போன் ரிப்பேருக்கு வந்த இரண்டு பேர் காத்திருந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள்.

மூன்று மணி நேரம் கழித்துத்தான் மண்டையில் உறைத்தது. கேம் முழுத்திரையையும் பிடித்துக்கொள்ளும்போது விண்டோஸ் சாய்த்து வைத்ததை மதிப்பதில்லை. கேமின் செட்டிங்ஸ் ஃபைலைத் திறந்து முழுத்திரையை நிறுத்தினான். ஒரு சின்னச் சட்டத்துக்குள் கேம் ஓடத் தொடங்கியது. பேட்ஸ்மேனின் தலை இடப்பக்கம், கால் வலப்பக்கம். பந்து குறுக்கே பறந்தது.

"இதுவாக்கா?"

"இதேதான் தம்பி! இதேதான்!"

சாண்ட்ராவின் கண் கலங்கிவிட்டது. அத்னானுக்குக் குழப்பம் இன்னும் கூடியது. கோணிப்போன படத்தைப் பார்த்து ஆனந்தக் கண்ணீர் விடுகிற ஆளை அவன் பார்த்ததே இல்லை.

"நானே வூட்டுக்கு வந்து மாட்டிக் குடுக்கறேன்" என்றான். உதவி செய்யும் எண்ணமில்லை. பெண்டாட்டியை இப்படி அலையவிட்டு, ஒருத்தன் பொழப்பையும் கெடுத்த அந்த மகராசனை நேரில் பார்த்து நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வேண்டும்.

திருவொற்றியூரில் கடலை ஒட்டிய தெரு. வழியெல்லாம் அந்த நாலு வார்த்தையையும் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே பைக்கை ஓட்டி வந்திருந்தான்.

"கேம் சரியாயிடுச்சி! கடைத் தம்பியும் வந்துகீறாரு!" என்று வாசலிலிருந்தே குரல் கொடுத்தாள் சாண்ட்ரா.

"வா தோஸ்து, உள்ள வா! உனக்காகத்தான் வெய்ட் பண்ணிகினு கீறேன்" என்று உள்ளேயிருந்து உற்சாகமாக ஒரு குரல் வந்தது.

நல்லா தெம்பாகத்தானே இருக்கிறான் ஆள் என்று கறுவிக்கொண்டே உள்ளே நுழைந்தான் அத்னான். நுழைந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

படகில் தவறி விழுந்து முதுகெலும்பு முறிந்த சாண்ட்ராவின் புருஷன் நெல்சன், வலது கையைத் தவிர, யாராவது புரட்டிப் போட்டாலொழிய உடம்பை அசைக்க முடியாமல், இடது கன்னம் தலையணையில் அழுந்தக் கட்டிலில் ஒருக்களித்துக் கிடந்தார். எதிரே ஸ்டூல்மேல் இருந்த பழைய குண்டு மானிட்டரில் அத்னான் ஒயரை மாட்டி கேமைப் போட்டதும், "சாண்ட்ரா, பாருடி! என் பேட்ஸ்மேன் எழுந்து நின்னுட்டான்!" என்றார்.